பதினோரு மெகாபிட்

கௌனஸ் நகரத்தில் ஒரு ஒன்பது மாடி.
சோவியத் காலத்துக் கான்கிரீட், உள்ளே கம்பிவலை.
லிஃப்ட் ஐந்தோடு நின்றுவிடும்.
மிச்சத்துக்குக் கால்.
பையில் ஏழாம் தலைமுறை ரவுட்டர் நான்கு,
ஒரு டிரில், என் மதியச் சாப்பாடு.

இரண்டாம் மாடி ஷிவிலேக்கு ஆகப் புதுசுதான் வேண்டும்.
மூன்று அலைவரிசையையும்
ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும் வகை.
கூடத்தில் பறந்தது.
சமையலறைச் சுவரில் முட்டி விழுந்தது.
"இதற்கா இவ்வளவு காசு?"
மேலே போகப் போகச் சுவர் தடிக்கும் என்றேன்.
பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.
எனக்கும்தான்.

நான்காம் மாடியில் நான்காம் தலைமுறை,
தற்செயல்.
மூன்று கொம்பு, ஒன்றுக்கு டேப்.
இதற்கு முன் வந்தவை
எதிரொலி கேட்டால் குழம்பும்.
சுவரில் பட்டுத் திரும்பும் சொல்லும் ஒரு வழிதான் என்று
வீட்டுக்குள் முதலில் கண்டுகொண்டது இதுதான்.
அந்த வீட்டில் விவாகரத்தான இருவர்
இன்னும் ஒன்றாக இருக்கிறார்கள். வாடகை அப்படி.
கடவுச்சொல் கல்யாணத் தேதி.
மாற்றவா என்று நான் கேட்கவில்லை.

ஏழாம் மாடி மாணவர்களிடம் ஆறாவது:
ஒரே வண்டியில் எட்டு வீட்டுப் பார்சல்.
விளக்கு, பூட்டு, பல் துலக்கும் பிரஷ் வரைக்கும்
எப்போது எழுப்பலாம் என்று சொல்லிவிட்டுத் தூங்குகின்றன.
பொறாமையாக இருந்தது.

எல்லா மாடியிலும் ஒரே புகார்:
சாயங்காலம் ஆனால் இழுக்கிறது.

மொட்டைமாடிக் கதவைத் தள்ளினேன். புறாக்கூண்டு.
எவால்டஸ், ரயில்வே எடைமேடையில் எழுத்தராக இருந்தவர்,
இப்போது முப்பத்தொரு பந்தயப் புறாக்களோடு.
பறவை வந்து பலகையில் கால் வைத்ததும்
வளையத்தைப் படித்து நேரம் அனுப்ப
ஒரு சாம்பல் பெட்டி.
இரண்டாயிரத்து இரண்டில் வாங்கியது.
பதினோரு மெகாபிட்.
அதற்குமேல் ஒரு வார்த்தை தெரியாது.

அது பக்கத்தில் இருக்கும்வரை
அந்தச் சேனலின் வேகக்காரர்கள் எல்லோரும்
வாய் திறக்குமுன்
அதற்குப் புரியும் பழைய மொழிக்கு
இறங்கி வந்து சொல்ல வேண்டும்:
பேசப் போகிறேன், கொஞ்சம் பொறு.
சொல்லாவிட்டால் அதற்குக் கேட்காது,
குறுக்கே பேசிவிடும்.
சாயங்காலம் இழுப்பது
இந்த மரியாதைதான்.

குடியிருப்போர் கூட்டம் வாக்கெடுத்தது.
பதினேழுக்கு நான்கு.
"பழைய வேகங்களை அனுமதி"
என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம்.
டிக்கை எடுத்தேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை
ஷிவிலேயின் சுவருக்கு இரண்டாவது பெட்டி மாட்ட வந்தவள்
ஏன் மேலே ஏறினேன் என்று தெரியவில்லை.
போலந்து எல்லையில் திறந்துவிட்ட பறவைகள்
ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.
எவால்டஸ் கைக்கடிகாரத்தோடு, பென்சிலோடு.
"என் கை மூன்று நொடி பிந்துகிறது" என்றார்,
என்னைப் பார்க்காமல்,
எடைமேடையில் குறை கண்டவர் போல.

வேனில் கழித்துப்போட்ட ரவுட்டர்கள் ஒரு பெட்டி நிறைய.
அடியில் கிடந்ததைத் துடைத்தேன்.
யாரும் உட்காராத ஓரம், பதின்மூன்றாம் சேனல்.
பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டேன்.
நெடுநேரம் யோசித்து
ஒரு புறாவின் வளைய எண்ணைச் சொன்னார்.
அது போன வருடம் திரும்பாத புறா
என்று பிறகு சொன்னார்.

இறங்கும்போது போனில் அலைகளைப் பார்த்தேன்.
வீட்டுக்கு வீடு கொழுத்த மலைகள்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறி.
ஓரத்தில் ஒரு சின்ன மேடு.
கேட்க ஆளிருக்கிறதோ இல்லையோ
நொடிக்குப் பத்துமுறை
தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் திறந்தது.
ஏறவில்லை.
இரும்புக்குள் போனால்
அந்த மேடு மறைந்துவிடும்.